தனி அறையில் இருப்பவருக்கும், கதவுக்கு வெளியே நிற்பவருக்கும்...

"தொத்து நோய் வந்தா தனியா இருக்கணும். சரிங்க, ஒத்துக்கறேன். தனியா இருந்ததாலயே ஒரு நோய் வந்துட்டா அதுக்கு என்னங்க மருந்து?"

2021 ஜூன் மாதம் என்னிடம் இப்படிக் கேட்டவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். கொரோனா வந்து, லேசான காய்ச்சலோடு, ஆக்ஸிஜன் குறையாமல் வீட்டிலேயே இருந்து தேறியவர். நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தார். ராத்திரி தூக்கமில்லை. மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் மலம் கழிகிறது. நாக்கில் ருசியில்லை. நாடியைத் தொட்டால் வாதம் குதித்துக் கொண்டு ஓடுகிறது.

விசாரித்தேன். பத்து நாளும் மாடி அறையில் இருந்திருக்கிறார். மருமகள் தட்டை வாசற்படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு இறங்கி விடுவார். வெளிநாட்டில் இருக்கும் மகள் தினமும் நாலு தரம் போன் செய்வார். "அப்பா, எவ்வளவு காட்டுது?" "தொண்ணூத்தாறு கண்ணு." "சரிப்பா, வெச்சுடறேன்." இவ்வளவுதான் பேச்சு! மகளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. பயத்தில் அப்பாவை மறந்து, அவர் விரலில் மாட்டியிருந்த மெஷினோடு பேசிக் கொண்டிருந்திருக்கிறார்.

கொரோனா அவசர நிலை முடிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ம் தேதி அறிவித்துவிட்டது. அப்புறம் எதற்கு டாக்டர் இந்தப் பாடம் என்று கேட்கலாம். தனி அறை நம்மை விட்டுப் போகவில்லையே! கொரோனாவே அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஃப்ளூ காய்ச்சல் வருகிறது. சின்னம்மை வருஷா வருஷம் வருகிறது. புற்றுநோய் மருந்து ஏற்றிக் கொண்டவரைச் சில நாட்கள் கூட்டத்தில் விடாதீர்கள் என்கிறார்கள். அதனால் தனியாக இருக்கும் முறையை எல்லாக் குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிளேக் காலத்துக் கோவை

நம் கொங்குச் சீமைக்குத் தொற்று நோய் புதிதல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அடுத்த வருஷமே வெள்ளைக்கார அரசு தொற்று நோய்ச் சட்டம் போட்டது. 2020-ல் நம்மை வீட்டுக்குள் உட்கார வைக்கக் கையில் எடுத்ததும் அதே 1897-ம் வருஷச் சட்டம்தான். 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் கோவையையும் உலுக்கியது. 1901 கணக்கெடுப்பில் 53 ஆயிரமாக இருந்த நகரத்து ஜனத்தொகை, 1911-ல் 47 ஆயிரமாகக் குறைந்தது. செத்தவர்கள் பாதி, பயந்து ஊரைவிட்டுப் போனவர்கள் பாதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோவையில் இன்றும் கோயில் இருக்கிறது. 2021 மே மாதம் இருகூர்ப் பக்கம் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' சிலை வைத்தபோது வடக்கத்திப் பத்திரிகைகள் அதிசயமாக எழுதின. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அதிசயமாகவே படவில்லை.

அன்று ஜனங்கள் என்ன செய்தார்கள்? எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்தார்கள். ஊருக்கு வெளியே காட்டில், தோட்டத்தில், ஓலைச் சாளை போட்டுக் கொண்டு வெயில் காற்றில் இருந்தார்கள். அதில் வைத்தியமும் இருக்கிறது. பிளேக் பெரும்பாலும் எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவுவது. எலி இருக்கும் வீட்டைவிட்டு விலகினாலே பாதி ஆபத்து போயிற்று. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அப்பாரு, ஆத்தா, பிள்ளை குட்டி, ஆடு மாடு என்று குடும்பம் மொத்தமாகப் போனது. ஊரை விட்டு விலகினார்களே தவிர ஒருத்தரை ஒருத்தர் விட்டு விலகவில்லை.

கொரோனா அப்படி இல்லை. அது மூச்சுக் காற்றில் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது. குடும்பத்தோடு சாளைக்குப் போனால் குடும்பத்துக்கே வரும். அதனால் ஒரு ஆளை ஒரு அறையில் தனியாக வைக்க வேண்டி வந்தது. நம் வழக்கத்தில் இப்படி ஒரு தனிமைக்குப் பழக்கமே கிடையாது. 'சமூக இடைவெளி' என்று ஒரு வார்த்தையை வேறு பிடித்துக் கொண்டோம். அது தப்பான வார்த்தை என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உணர்ந்து, 'உடல் இடைவெளி' என்று சொல்ல ஆரம்பித்தது. அதற்குள் பழைய வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது!

வேப்பிலையும் ஸ்டிக்கரும்

நமக்குத் தெரிந்த தனிமை, அம்மை கண்ட வீட்டுத் தனிமை. அதை நம் பாட்டிமார்கள் நடத்திய விதத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வரமாட்டான். ஆனால் அதில் அவமானம் கிடையாது. 'ஆத்தா வந்திருக்கா' என்று மரியாதையோடு விலகிப் போவார்கள். உள்ளே ஏற்கனவே அம்மை வார்த்து எழுந்த ஒருத்தர் நோயாளி பக்கத்திலேயே இருப்பார். ஒரு தரம் வந்தவருக்கு மறுபடி வருவது மிக அபூர்வம் என்பதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். இளநீர், மோர், கம்பங்கூழ் என்று இன்ன வேளைக்கு இன்னது உண்டு. கடைசியில் கொப்புளம் காய்ந்ததும் வேப்பிலை மஞ்சள் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணி. அதற்கப்புறம் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று ஊருக்கே தெரியும்.

துணை இருந்தது, வேளை இருந்தது, முடிவு நாளும் இருந்தது. 2020-ல் இந்த மூன்றும் இல்லாமல் போயிற்று. வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டே அந்த டிசம்பரில், தகுந்த அதிகாரியின் உத்தரவில்லாமல் நோயாளி வீட்டு வாசலில் அப்படி ஒட்டக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது.

2021 மே கடைசி வாரம் நம்மவர்களுக்கு மறக்காது. தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு அலைமோதினார்கள். கொடிசியா வளாகம் முழுக்கக் கட்டில். வீட்டில் தனியாக இருந்தவர்கள் எத்தனையோ பேர். முதல் வருஷத்திலேயே உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. என் வைத்திய சாலையில் மலச்சிக்கல், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று வந்தவர்களைப் பார்த்தாலே அது எனக்குத் தெரிந்தது.

அறைக்குள் இருப்பவர் செய்ய வேண்டியது

முதலில் உடம்பைப் பார்ப்போம். தனி அறையில் முதலில் கெடுவது நேரம். எப்போது எழுந்தோம், எப்போது சாப்பிட்டோம் என்ற கணக்கு போய்விடும். பகலில் தூங்குவார்கள், ராத்திரி விழித்திருப்பார்கள். பகல் தூக்கம் வேண்டாம், இரவு தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி சொல்கிறது. (கடுங்காய்ச்சல் இருக்கும் இரண்டு மூன்று நாள் மட்டும் விதிவிலக்கு. அப்போது உடம்பு கேட்டால் தூங்கட்டும்.) காய்ச்சல் விட்டதும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். ஜன்னலைத் திறங்கள். வெளிச்சம் முகத்தில் பட வேண்டும். காற்றோட்டம் இருந்தால் அறையில் கிருமியும் அடர்த்தியாகச் சேராது. பல் விளக்கி, முகம் கழுவி, துணி மாற்றுங்கள். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று மூன்று நாள் அதே லுங்கியோடு இருந்தவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்து போனார்கள்.

சாப்பாடு எளிதாக இருக்கட்டும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட ரசம், கஞ்சி, இட்லி, குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய். பசியில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வெந்நீர் போதுமான அளவு. நடமாட்டம் குறைந்ததால் மலம் கட்டும். ராத்திரி அரை ஸ்பூன் திரிபலா சூரணம் வெந்நீரில் பெரும்பாலோருக்குப் போதும். கர்ப்பிணிகள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கஷாயத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். கபசுரக் குடிநீரும் நிலவேம்பும் கொடுக்கிறவன்தான் நான். கபசுரக் குடிநீர்ச் சூரணம் ஒரு ஸ்பூன் எடுத்து, 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்ற வைத்து வடிகட்டி, வைத்தியர் சொன்ன நாளுக்கு மட்டும். அன்று சிலர் டீக்குப் பதிலாக நாள் முழுக்கக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக் கொண்டு வந்தார்கள். மணிக்கொரு தரம் ஆவி பிடித்து முகத்தை வேக வைத்துக் கொண்டவர்களும் உண்டு. மருந்தானாலும் அளவு உண்டுங்க! ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் அழுத்தம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரல் ஜில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் மெஷின் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

தூக்கம் வராதவர்கள் படுக்கப் போகும்முன் வெந்நீரில் கால் கழுவி, உள்ளங்காலில் ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் தேய்த்துக் கொள்ளலாம். காய்ச்சல் இருக்கும்போது எண்ணெய்க் குளியல் கூடாது. டி.வி.யில் செய்தி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போதும். ராத்திரி பத்து மணிக்குச் சாவுக் கணக்கைப் பார்த்துவிட்டு எந்த நாடி அடங்கும்?

பேச்சுக்கும் வேளை வையுங்கள்

மாத்திரைக்கு நேரம் வைக்கிற நாம் பேச்சுக்கு நேரம் வைப்பதில்லை. தோன்றும்போது பேசிக் கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு நாளில் நின்றுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பேச்சு, நேரம் குறித்து வையுங்கள். ஒன்றில் காய்ச்சல், ஆக்ஸிஜன், மாத்திரை எல்லாம் கேளுங்கள். இன்னொன்றில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கூட வரக்கூடாது. வாட்ஸ்அப்பில் 'குட்மார்னிங்' பூப் படம் அனுப்புவது பேச்சு ஆகாது. குரல் கேட்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பெரியவருக்கு நான் தூக்கத்துக்கு ஒரு சூரணம் கொடுத்தேன், உண்மைதான். ஆனால் முக்கியமான மருந்தை மகளுக்குத்தான் போனில் சொன்னேன். "எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்க அம்மிணி. அவர்கிட்ட எதையாவது கேட்டு வாங்குங்க" என்றேன். மகள் புத்திசாலி. அன்று சாயங்காலமே, "அப்பா, அப்புச்சி தோட்டத்துல மாட்டுக்கு வயிறு உப்பினா என்னமோ கொடுப்பாங்களே, அது என்னங்கப்பா? பேரன் ஸ்கூல்ல எழுதணுமாம்" என்று கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் பேச்சு! மறுநாள் தென்னைக்கு உரம் வைக்கும் கணக்கு. அதற்கடுத்த நாள் அவரே மகளைக் கூப்பிட்டுவிட்டார். மூன்று வாரத்தில் வயிறு தானாக வழிக்கு வந்தது.

இதில் மாயம் இல்லை. நோயாளியிடம் எல்லோரும் விசாரிக்கிறார்கள், யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. தன்னால் ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை என்ற நினைப்புதான் வயதானவர்களை முதலில் சாய்க்கிறது. அறைக்குள் இருக்கும் அம்மாவிடம் ஒப்புட்டுக்குப் பதம் கேளுங்கள். மாமனாரிடம் பத்திரக் கணக்கைக் கேளுங்கள். பிள்ளைக்கு நோய் என்றால் பாட்டிக்குப் போனில் தினமும் பேப்பர் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காது கேட்காதவர்களுக்குப் போன் உதவாது. தட்டோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். இன்றைக்கு முருங்கைக்காய் எந்தத் தோட்டத்தது என்று எழுதினாலும் போதும், சிரிப்பார்கள்.

சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிடலாம். கதவைச் சாத்திவிட்டு, இந்தப் பக்கம் ஒருத்தர் நாற்காலி போட்டு, அதே வேளையில் சாப்பிடட்டும். குரல் கேட்டாலே சோறு இறங்கும்.

கதவுக்கு வெளியே இருப்பவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பெரும்பாலும் அது வீட்டு அம்மாதான். தனிச் சமையல், தனிப் பாத்திரம், சுடுதண்ணி, ஆபீஸ் வேலை, குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, நடுவில் ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது. அவருக்கே நோய் வந்தபோது பல வீட்டில் அவர்தான் முகக்கவசம் போட்டுக் கொண்டு சமைத்தார்! வீட்டு ஆண்கள் ரசமும் கஞ்சியும் வைக்கத் தெரிந்து கொள்வது தொற்று நோய்க்கு முன்னேற்பாடு. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பார்த்துக் கொள்கிறவருக்கும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்கும்படி வேலையைப் பங்கு போடுங்கள்.

ஆள் துணை இல்லாத வீடு

பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, தோட்டத்துச் சாளையிலோ, சாய்பாபா காலனி அடுக்குமாடியிலோ தனியாக இருக்கும் பெரியவர்கள் இன்று நிறைய. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. இவர்களுக்குக் கொள்ளை நோய் வரவேண்டியதே இல்லை, தினமும் தனி அறைதான்.

இவர்கள் பக்கத்து வீட்டோடு ஒரு அடையாளம் வைத்துக் கொள்ளட்டும். காலை ஏழு மணிக்குள் பால் பாக்கெட்டை எடுத்திருக்க வேண்டும், அல்லது வாசல் விளக்கை அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வந்து கூப்பிடுவார்கள். செலவில்லாத ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேச்சுவார்த்தை இருந்தால்தான் நடக்கும். அது நோய் வந்தபிறகு தொடங்குகிற காரியம் இல்லை.

நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் தூங்காமல் இருந்தால், சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினால், "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்ற பேச்சு வந்தால், அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள். தமிழில் பேசலாம். முதியோருக்கென்றே 14567 இருக்கிறது.

வெளியே வரும் நாள்

தனிமை முடியும் நாளை முதலிலேயே காலண்டரில் வட்டம் போட்டு அறைக்குள் மாட்டுங்கள். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கணக்கு. முடிந்த அன்று வேப்பிலை மஞ்சள் தண்ணீர் வைத்துக் குளிக்க வையுங்கள். தலைக்கு ஊற்றலாமா என்பதை உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம். வீடு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். பலர் நோய் போன பிறகும் ஒரு மாசம் ஒதுங்கியே இருந்தார்கள். வா என்று யாரும் கூப்பிடவில்லை, அதுதான் காரணம்.

இன்னொரு காரியம் பாக்கி இருக்கிறது. 2020, 2021-ல் சாவுக்குப் போக முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! கேதத்துக்குப் போகாத உறவு முறிந்த உறவு என்று நினைக்கிற ஊர் நமது. துக்க வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. பல வீட்டில் அழக்கூட ஆளில்லை. சித்த மருத்துவம் உடம்பில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் இவற்றோடு கண்ணீரும் அந்தக் கணக்கில் ஒன்று. அடக்கிய கண்ணீரால் வந்த தலைபாரத்தையும், நெஞ்சடைப்பையும், மூக்கடைப்பையும் நான் இன்றும் பார்க்கிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிய கேஸ்கள்.

அப்படிப் போகாமல் விட்டுப்போன வீடு உங்களுக்கு ஏதாவது இருந்தால், வருஷம் ஆகிவிட்டதே என்று கூச்சப்படாமல் இப்போது போய் வாருங்கள். எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று கிளற வேண்டாம். செத்துப் போனவர் உயிரோடு இருந்தபோது செய்த ஏதாவது ஒரு காரியத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பியுங்கள். அந்த வீட்டம்மா அழுதால் தடுக்காதீர்கள், தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.